மலத்தில் இரத்தம் மூலமாகவே இருக்க வேண்டியதில்லை

தாமதமாக வருவோர்

மலத்தோடு இரத்தம் போனால் அதை மூலம் என்று தாமே முடிவுகட்டி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பையும் சுவரொட்டி பார்த்துத் தேடிப்போன லேகியத்தையும் மாதக்கணக்கில் நம்பியிருந்து, குடல் அடைபடும் தறுவாயில் மருத்துவமனைக்கு வருவோர் இன்றும் உள்ளனர். அந்த இரத்தம் பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதையும், அந்நோய்க்கும் உடல் கொழுப்பைக் கையாளும் விதத்துக்கும் உள்ள தொடர்பையும் அவர்களுள் பலர் அறிவதில்லை.

பித்தம் பகையாகும் விதம்

கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு சிறுகுடலில் மீண்டும் உறிஞ்சப்பட, எஞ்சியவை பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் டிஆக்சிகோலிக் அமிலம் போன்ற இரண்டாம் நிலைப் பித்த அமிலங்களாக மாறுகின்றன. கொழுப்பு மிகுந்த உணவால் இவை பெருகும்போது குடலின் உட்படலச் செல்கள் புண்பட்டு, அவற்றின் மரபுப்பொருளான டிஎன்ஏ சிதைந்து, புற்றுக்கு வழி திறக்கிறது. நார்ச்சத்தோ பாக்டீரியாக்களால் நொதிக்கப்பட்டு, குடற்செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட் என்னும் நல்ல கொழுப்பு அமிலத்தைத் தருகிறது.

2015-இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்கு உணவை மாற்றிக்கொண்டனர். நார்ச்சத்து மிகுந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களிடம் இரண்டாம் நிலைப் பித்த அமிலங்கள் 70 விழுக்காடு குறைய, கொழுப்பு மிகுந்த உணவுக்கு மாறிய கிராமத்தவரிடம் அவை 400 விழுக்காடு உயர்ந்தன.

பொய்யான ஆறுதல்கள்

எண்ணெய்ப் பொட்டலத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மனம்போல் பொரித்து உண்போர், தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தத்தக்க அளவில் இருப்பதில்லை என்பதையும், எண்ணெயானாலும் நெய்யானாலும் அதைச் செரிக்கப் பித்தம் சுரந்தே தீரும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவினால் நோய் அண்டாது என்பது அதனினும் தீங்கான நம்பிக்கை. பேதியானதும் கல்லீரல் பித்தம் சுரப்பதை நிறுத்திவிடுவதில்லை. புற்றாக மாறக்கூடிய, பாலிப் எனப்படும் சதைமொட்டு குடற்சுவரில் வளர்ந்திருந்தால் எந்தப் பேதிமருந்தும் அதைப் பெயர்த்தெடுப்பதில்லை. உடலின் நீரும் உப்பும் போவதுதான் மிச்சம்.

ஒல்லியானவர்க்கு வராது, சைவ உணவினர்க்கு வராது என்பனவும் அவ்வாறே. வயிற்றுக் கொழுப்பு இன்சுலினை மிகச் செய்து செல்பெருக்கத்தைத் தூண்டுவதால் பருமன் ஆபத்தைக் கூட்டுவது உண்மையே. ஆயினும் மெலிந்த உடலும் சைவ உணவும் முழுக்காப்பு ஆகா.

பரிசோதனை

மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் சோதனையும், பாலிப்பைக் கண்டு அகற்ற உதவும் கொலோனோஸ்கோப்பியும் உள்ளன.

வேண்டுகோள்

பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த அவகாசத்தைக் களிம்பிலும் லேகியத்திலும் வீணாக்க வேண்டாம். பொரித்ததையும் பதப்படுத்திய இறைச்சியையும் குறைத்து, பருப்பு, கீரை, தீட்டாத தானியங்களைக் கூட்டி உண்ணுங்கள். இரத்தம் ஒரு முறை தென்பட்டாலும், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலும், கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், மூலமா இல்லையா என்பதை அவர் சொல்லட்டும்.