மூன்று சுவர் தாண்டி

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜெகதீஷ் சந்திர போஸ் ஒரு வித்தை காட்டினார். அவர் அனுப்பிய மின்காந்த அலை, தலைமை வகித்த துணைநிலை ஆளுநரையும் மூன்று சுவர்களையும் கடந்து, 75 அடி தள்ளியிருந்த அறையில் மணியை அடித்தது. கொஞ்சம் வெடிமருந்தையும் பற்றவைத்தது. ஏழாயிரம்பண்ணையில் இந்தக் கதையைச் சொன்னால் யாருக்கும் மணி நினைவில் நிற்காது, மருந்துதான் நிற்கும். பட்டாசு ஆலைக்குள் செல்போனே கொண்டுபோகக் கூடாத வட்டாரம் ஆயிற்றே!

அதே மாதிரி அலையை நம் வீட்டுச் சுவர் தாண்ட வைப்பது வேறு கதை. ஹாலில் செட்டாப் பாக்ஸ், உள்ளறையில் இன்னொரு டிவி. இரண்டாவது டிவிக்கான நெட்வொர்க் கட்டணம் முதல் டிவிக்கானதில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-ல் சொல்லியிருந்தது. ஆனாலும் சேனல் காசு தனி. ஒரே பாக்ஸின் படத்தை வயர் இல்லாமல் உள்ளே அனுப்பினால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

அனுப்பலாம். அதற்கென்றே ஜோடிக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கருவியின் விலையைவிடச் சுவர்தான் முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் வை-ஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் முட்டிமோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, படம் துல்லியம். சுவர் வந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 60 கிகாஹெர்ட்ஸ் ஒரே அறைக்குள் மட்டும்தான். நடுவில் இரும்பு பீரோ நின்றால் எதுவானாலும் திணறும்.

சத்தம் அனுப்புவது சுலபம் என்று நினைப்போம். புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டால் குறையே தெரியாது. படம் பார்க்கும்போதுதான் வடிவேலு வாயை மூடியபிறகு வசனம் வரும். ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்க நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ ஆகிறது. கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

யூடியூப் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம். போனில் ‘காஸ்ட்’ அழுத்தினால் போன் அந்த வீடியோவின் இணைய முகவரியை மட்டும்தான் டிவிக்குக் கொடுக்கிறது. படத்தை டிவியே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. போன் திரையை அப்படியே டிவியில் காட்டுகிற ‘மிரரிங்’குக்குத்தான் முழுப் படமும் காற்றில் போக வேண்டும்.

என்னைக் கேட்டால், இப்படிச் சுவரோடு மல்லுக்கட்டுவதைவிட, புது வீடு கட்டுகிறவர்கள் தளம் போடும்போதே அறைக்கு அறை ஒரு நெட்வொர்க் கேபிளுக்கு வழி விட்டுவிடுவது நல்லது. மின்சார வயர் போகிற குழாயிலேயே அதையும் திணிக்க வேண்டாம். தனிக் குழாய் போடச் சொல்லுங்கள்.