வீடு கட்டும் நிலத்தில் மழைநீரும் மண்ணும்

உழுத வயலுக்கு வரம்பு எத்துணை அவசியமோ, அத்திவாரம் வெட்டிய நிலத்துக்கும் அது அத்துணை அவசியமாகும். வரம்பில்லாத வயலில் நீர் தங்காது, மண்ணும் தங்காது. இதனைக் கமக்காரர் அனைவரும் அறிவர். எனினும், வீடோ களஞ்சியமோ கட்டுவதற்காக நிலத்தைத் துப்புரவு செய்யும்போது அவ்வறிவைப் பயன்படுத்துவோர் சிலரே. அதனால் விளையும் நட்டம் கட்டுவோரை மட்டுமன்றி, பள்ளத்தில் வயலும் தோட்டமும் வைத்திருக்கும் அயலவரையும் சாரும்.

பாலாவி, புத்தளம் நகருக்குத் தெற்கே கற்பிட்டி வீதி பிரியும் இடத்தில் அமைந்துள்ளது. களப்பும் உப்பளமும் அருகே உள்ளன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திற் குடியேறினர். முகாம்களாகத் தொடங்கிய இடங்கள் பல காலப்போக்கில் ஊர்களாயின. 2007இல் உலக வங்கியின் நிதியுதவியுடன் இவர்களுக்கென வீடமைப்புத் திட்டமொன்றும் ஆரம்பிக்கப்பட்டது. மனிதர் வாழ வீடு வேண்டும். அவர் உண்ண வயலும் வேண்டும். ஒன்றின் பொருட்டு மற்றொன்று கெடாதவாறு வேலை செய்யும் முறையே இங்கு கூறப்படுகிறது.

நீரின் கணக்கு

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும். 20 பேர்ச் காணி ஏறக்குறைய 506 சதுர மீற்றராகும். ஒருநாள் 50 மில்லிமீற்றர் மழை பெய்யுமாயின், அக்காணியில் மட்டும் ஏறத்தாழ 25,000 லீற்றர் நீர் விழும்.

புல்லும் சருகும் மூடிய மணற்பாங்கான நிலம் இதிற் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் லொறிகள் ஓடி இறுகிய நிலம் உறிஞ்சுவதில்லை. நீர் மேற்பரப்பில் ஓடுகின்றது. ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். மண்ணரிப்பின் காரணம் இதுவே. ஆகவே நீரின் வேகத்தைக் குறைப்பதே முதற்கடமை.

அத்திவாரக் குழியிலிருந்து எடுத்த அடிமண்ணிற் சேதனப் பசளை மிகக் குறைவு. அது வயலிற் படிந்தால் இளம் நாற்றை மூடும், வாய்க்காலைத் தூர்க்கும். மரக்கறிப் பாத்தியிற் படிந்தால் மேல்மண்ணை இறுகச் செய்து காற்றோட்டத்தைத் தடுக்கும்.

வேலை தொடங்குமுன்

இப்பகுதியில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழைக் காலமாகும். சித்திரையிலும் மழை உண்டு. அத்திவாரம் வெட்டுதலையும் மண் நிரப்புதலையும் ஆடி, ஆவணி மாதங்களில் முடித்தல் நன்று. பெரும்போக விதைப்பின்போது அயல் வயல் இளம்பயிராக இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

காணி முழுவதையும் ஒரே நாளில் வெளியாக்க வேண்டாம். கட்டடம் எழும் இடத்தையும் வண்டிப் பாதையையும் மாத்திரம் துப்புரவு செய்க. பள்ளமான எல்லையிற் சில அடி அகலத்துக்குப் புல்லையும் பற்றையையும் அப்படியே விடுக. செலவின்றிக் கிடைக்கும் சிறந்த அணை அதுவே.

மேட்டுப்புறத்தில் ஒரு சிறு வரம்பு கட்டி, வெளியிலிருந்து வரும் நீரை வெட்டிய நிலத்துக்குள் புகாமல், அயலவர் நிலத்துக்கும் கேடின்றித் திருப்பிவிடுதல் வேண்டும்.

வேலை நடக்கும்போது

1. வளமான மேல்மண்ணைத் தனியே குவித்து வைக்க. வேலை முடிந்தபின் வீட்டுத் தோட்டத்துக்கு அதுவே பயன்படும்.

2. மண், மணற் குவியல்களை வாய்க்காலுக்கு அண்மையில் வைக்கலாகாது. அவற்றைக் கிடுகினாலோ படங்கினாலோ மூடிவிடுக.

3. நீர் வெளியேறும் பக்கத்தில், சம உயரக் கோட்டின் வழியே ஓர் ஆழமற்ற அகழி வெட்டிப் பொச்சு மட்டைகளை நெருக்கமாக அடுக்குக. தென்னந்தோட்டங்களில் ஈரத்தைக் காக்க மட்டை புதைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மட்டை வரிசை நீரை மெல்ல விட்டு மண்ணைத் தடுக்கும்.

4. காணியின் தாழ்ந்த மூலையில் வண்டற் குழியொன்று வெட்டுக. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கட்டட வேலை விதிகளில், நீர் வந்து சேரும் ஓர் ஏக்கர் நிலத்துக்கு 3,600 கன அடிக் கொள்ளளவு அளவுகோலாகக் கொள்ளப்பட்டுள்ளது. இக்கணக்கின்படி 20 பேர்ச் முழுவதற்கும் 450 கன அடி வேண்டும். பாதி நிலத்து நீர் மட்டுமே குழிக்கு வருமாயின் 225 கன அடி, அதாவது 15 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழம் போதும். நிலத்தை மூடிவைப்பதன் இலாபம் இதிலிருந்து விளங்கும்.

களப்பை அண்டிய தாழ்நிலத்தில் ஊற்றுநீர் மேலே நிற்குமாயின், குழியை ஆழமாக்காது அகலமாக்குக. கிணற்றுக்கு அருகே வெட்டலாகாது. சிறுவர் விழாதவாறு வேலியிடுக. நுளம்பு பெருகாதிருக்க, தேங்கிய நீரை ஒரு வாரத்துக்குள் வடித்துவிடுக. குழி பாதி நிறைந்ததும் வண்டலை அள்ளிக் காணியிலேயே பரப்புக.

சீமெந்து நீர்

சீமெந்து கலந்த பாத்திரங்களையும் கருவிகளையும் வயல் வாய்க்காலிற் கழுவுதல் பெருந்தவறு. அந்நீர் கடுங்காரத்தன்மை உடையது. வேரையும் மீனையும் கெடுக்கும். படங்கு விரித்த சிறு குழியிற் கழுவி, நீர் வற்றியபின் இறுகிய எச்சத்தை அகற்றுதல் வேண்டும்.

கூரை எழுந்தபின்

கூரை போட்டவுடன் பீலியும் பூட்டுக. 1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை ஏறத்தாழ 4,600 லீற்றர் நீரைத் தரும். தொட்டியிற் சேர்த்தால் அது மரக்கறிப் பாத்திக்கு நீராகும். சேர்க்காவிடில் முற்றத்தை அரிக்கும். வெறுமையான நிலத்தில் உடனே கௌபியோ பயறோ விதைக்க. சரிவான ஓரங்களில் வெட்டிவேர் நடுதல் நற்பயன் தரும்.

சட்டமும் ஆலோசனையும்

மண்ணரிப்பு இந்நாட்டுக்குப் புதிய கவலையன்று. 1931இலேயே இதைப்பற்றிக் குழுவொன்று அறிக்கை சமர்ப்பித்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும். எனவே நெற்காணியை அண்டிக் கட்ட எண்ணுவோர் முதலிற் கமநல சேவை நிலையத்தையும் விவசாயப் போதனாசிரியரையும் கண்டு ஆலோசிக்க வேண்டும்.

அயலவர் கட்டும் வீட்டிலிருந்து உங்கள் வயலுக்கு மண் வருமாயின், மழை தொடங்குமுன் அவருடன் பேசுக. கமக்காரர் அமைப்பின் வாயிலாக இருவரும் கூடி வரம்பும் குழியும் அமைத்தால் செலவு குறையும், உறவும் நிலைக்கும். ஒரு நாள் மழையில் போன மேல்மண்ணைப் பல ஆண்டு உழைத்தாலும் மீட்பது அரிது. மண்வெட்டி கையிலிருக்கும்போதே வரம்பைக் கட்டிவிடுவோமாக.