அலாரத்தில் தொடங்கிய கணையம்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் எல்லோரும் அஞ்சுவது இரவுக்குத்தான். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் நடுக்கம், வியர்வை போன்ற அறிகுறிகள் பலரை எழுப்புவதில்லை. அளவு மிகவும் தாழ்ந்தால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதனால் நோயுற்ற குழந்தையின் அம்மாவோ அப்பாவோ நள்ளிரவில் எழுந்து, பிள்ளையின் விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் படுப்பார்கள்.

இந்த நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலமே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலினை வெளியிலிருந்து செலுத்தியாக வேண்டும். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய சிக்கல். தோலுக்கடியில் போடும் விரைவு இன்சுலின் வேலையைத் தொடங்கவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். உச்சத்தை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல். முழுதும் தீர மூன்று முதல் ஐந்து மணி நேரம். உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. தோலில் ஒட்டியிருக்கும் சென்சாரும் ரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கிடையே உள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் அது சொல்வது சில நிமிடம் பழைய கணக்கு.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தனியாக வசித்த டானா லூயிஸ் ஆழ்ந்து தூங்குபவர். அவருடைய சென்சாரின் எச்சரிக்கை ஒலி அவரை எழுப்பவில்லை. 2013-இல் ஸ்காட் லெய்ப்ராண்ட் என்பவருடன் சேர்ந்து அந்தத் தரவை வெளியே எடுத்து, உரத்த அலாரம் ஒன்றை உருவாக்கினார். அடுத்து, சர்க்கரை எங்கே போகும் என்று முன்கூட்டிக் கணிக்கும் நிரலை எழுதினார்கள். இன்சுலின் செலுத்தும் பம்புகளின் தகவல்தொடர்பை ஆராய்ந்திருந்த பென் வெஸ்ட்டின் உழைப்பும் சேர்ந்தது. 2014 டிசம்பரில் அந்த நிரலே டானாவின் பம்பை இயக்கத் தொடங்கியது. மறு ஆண்டு இந்தச் செயற்கைக் கணையத்தின் வடிவமைப்பை ‘ஓப்பன் ஏ.பி.எஸ்.’ என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

அது செய்வது இதுதான். இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை 120 என்று வைத்துக்கொள்வோம். விரலில் குத்திப் பார்த்தவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு 10 வீதம் அது இறங்கிக்கொண்டிருந்தால் அரை மணியில் 60. நிரல் இதைக் கண்டு, உடலில் இன்னும் தீராமலிருக்கும் இன்சுலினையும் கணக்கிட்டு, பம்பை உடனே நிறுத்துகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, விடிய விடிய இதே கணக்கு. பம்புக்கு அது தரும் கட்டளை குறுகிய நேரத்துக்குத்தான். தொடர்பு அறுந்தால், மருத்துவர் வகுத்த வழக்கமான அளவுக்குப் பம்ப் தானே திரும்பிவிடும். எது கெட்டாலும் நோயாளிக்கு ஆபத்து வரக்கூடாது என்ற இந்தக் கவனத்தை, அந்த நிரலின் புத்திசாலித்தனத்தைவிட உயர்வாக மதிக்கிறேன்.

2016 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஒரு நிறுவனத்தின் தானியங்கி பம்புக்கு முதன்முறையாக அனுமதி தந்தது. திறந்த நிரல் வகையை நியூசிலாந்தில் 97 பேரிடம் சோதித்த ஆய்வு 2022-இல் வெளியானது. அதைப் பயன்படுத்தியவர்களின் சர்க்கரை 70 முதல் 180 வரையிலான பாதுகாப்பான எல்லைக்குள் இருந்த நேரம் 61 சதவீதத்திலிருந்து 71 ஆக உயர்ந்தது. அதாவது நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் அதிகம். இங்கிலாந்தில் அரசு சுகாதாரச் சேவையே 2024 முதல் இத்தகைய கருவிகளைப் படிப்படியாக வழங்கிவருகிறது. ஏழைக்கும் கிடைக்க இதுவே வழி.

ஆனாலும் சாப்பாட்டை இன்னும் மனிதர்தான் கணக்கிட வேண்டும். இட்லியோ ரொட்டியோ, அதன் மாவுச்சத்து இன்சுலினை முந்திக்கொண்டு ரத்தத்தில் ஏறிவிடும். அதனால் சாப்பிடுவதற்கு முன்பே பம்புக்குச் சொல்லிவிட வேண்டும். சென்சார் உள்ள பக்கமாகப் புரண்டு படுத்தால், அழுத்தத்தால் பொய்யாகத் தாழ்வு காட்டும். இன்சுலின் போகும் மெல்லிய குழாயை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும்; அது மடங்கினால் வெளியே எதுவும் தெரியாது. பம்பில் இருப்பது விரைவு இன்சுலின் மட்டுமே என்பதால், அது நின்ற சில மணி நேரத்தில் ரத்தம் அமிலமாகத் தொடங்கும். சர்க்கரை ஏறிக்கொண்டே போய், பம்ப் கொடுத்தும் இறங்காவிட்டால், அந்த அமிலத்தைக் காட்டும் கீட்டோன் அளவைப் பார்த்து, ஊசியால் இன்சுலின் போட்டுக்கொண்டு, பிறகு குழாயை மாற்றுங்கள். பம்ப் அணிந்தவரின் பையில் அந்த ஊசி எப்போதும் இருக்கட்டும்.