தொட்டி தப்பும், குழாய் வெடிக்கும்

அக்டோபர் பிறந்தால் கனடாவின் சமவெளி மாகாணங்களிலிருந்து தெற்கே பார்த்து வண்டிகள் கிளம்பும். பணி ஓய்வு பெற்ற தம்பதிகள், பேருந்து அளவு மோட்டார்ஹோம், பின்னால் கொக்கி மாட்டி இழுத்துவரும் சின்னக் கார். அமெரிக்காவின் அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா பக்கம் போய் இறங்கினால் வசந்தம் வந்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள். பனிப் பறவைகள் என்றே இவர்களுக்குப் பெயர். அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸ்சைட் என்று ஒரு சிற்றூர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். பனிக்காலத்தில் அங்கே வண்டி நிறுத்தித் தங்கிப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். மோட்டார்ஹோமின் தண்ணீர் உறையாமலிருக்க இன்றுவரை இதைவிடச் சிறந்த வழி கண்டுபிடிக்கப்படவில்லை. குளிர் வருமுன் ஓடிவிடுவது.

ஓட முடியாதவர்கள் இருக்கிறார்கள். வடக்கு டகோட்டாவின் பாக்கன் வயல்களில் எண்ணெய் வேட்டை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் வில்லிஸ்டன் ஊரில் வேலை கிடைத்தது, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. தொழிலாளர்கள் டிரெய்லரிலும் மோட்டார்ஹோமிலும் மைனஸ் 30 டிகிரிக் குளிரைக் கழித்தார்கள். கொலராடோ, வயோமிங் பனிச்சறுக்கு ஊர்களில் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் அறை கிடைக்காத பணியாளர்கள், ‘நோமேட்லேண்ட்’ படத்தில் வருகிறவர்களைப் போல வண்டியே வீடாகிப் போனவர்கள் என்று இன்னும் பலர். டிசம்பர் வந்தால் இவர்களுக்குத் தண்ணீர்தான் முதல் கவலை.

வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மோட்டார்ஹோமில் ஆட்கள் புழங்கும் தளத்துக்குக் கீழே, நம் ஆம்னி பஸ்ஸில் பெட்டிகளைத் தள்ளும் டிக்கி போலவே, இரு பக்கமும் கதவு வைத்த அறைகள் வரிசையாக இருக்கும். மடக்கு நாற்காலி, கருவிப் பெட்டி, பேட்டரி எல்லாம் அதற்குள். தொட்டிகளும் அங்கேதான். நல்ல தண்ணீருக்கு ஒன்று. சமையல், குளியல் கழிவுநீருக்கு ஒன்று, அதைச் சாம்பல் தொட்டி என்பார்கள். கழிவறைக்குக் கறுப்புத் தொட்டி. வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றும் வாய், கழிவைத் திறந்துவிடும் வால்வுகள், பெரும்பாலும் பம்ப், ஃபில்டர் எல்லாம் சேரும் அறைக்கு ஈர அறை என்று பெயர். பனிக்கால நாடகம் முழுக்க இந்த அறையில்தான் நடக்கும்.

புதிதாக வண்டி வாங்கியவர் முதலில் பயப்படுவது தொட்டியைப் பார்த்து. அந்தப் பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 லிட்டர் தண்ணீர், 10 டிகிரியில் இருக்கிறது. தொட்டியிலிருந்து 300 வாட் வீதம் வெப்பம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் பூஜ்ய டிகிரிக்கு வந்து சேரவே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பூஜ்யத்தைத் தொட்டதும் உறைந்துவிடாது. ஒரு கிலோ தண்ணீர் பனிக்கட்டியாக 334 கிலோஜூல் வெப்பத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். அந்த 300 லிட்டரும் கட்டியாக மேலும் நான்கு நாள் பிடிக்கும். இடையில் பகலில் வெயில் அடித்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இப்போது குழாய். இந்த வண்டிகளில் பரவலாகப் போடும் அரை அங்குல பெக்ஸ் பிளாஸ்டிக் குழாய், ஓர் அடி நீளத்தில் 40 மில்லி தண்ணீர்கூடக் கொள்ளாது. சுற்றிலும் குளிர்ந்த காற்று, உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர். ஓர் இரவுகூட வேண்டாம். பெக்ஸ் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும். உடைவது அதன் இணைப்புகள்: பிளாஸ்டிக் எல்போ, ஃபில்டர் கிண்ணம், பம்பின் தலை, கழிவறையின் தண்ணீர் வால்வு. வண்டிக்கு வெளிப்பக்கம் கால் கழுவ ஒரு ஷவர் வைத்திருப்பார்கள். ஆண்டு முழுக்க யாரும் தொடமாட்டார்கள், பனிக்காலத்தில் முதல் பலி அதுதான். ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் போகும் மெல்லிய குழாய்கள் அடுத்து. ஆடம்பரம் கூடக்கூட உறைய வாய்ப்புள்ள இடமும் கூடுகிறது.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது என்பது தெரிந்த சங்கதி. ஆனால் குழாய் எங்கே வெடிக்கிறது? இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990களில் வீட்டுக் குழாய்களை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். பனிக்கட்டி உட்கார்ந்த இடத்தில் பெரும்பாலும் வெடிப்பதில்லை. கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்த்திருகுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியின்றி அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. பலவீனமான இடத்தில், அது சூடான அறைக்குள்ளே இருந்தாலும், பிளந்துகொள்கிறது. கடுங்குளிர் இரவில் குழாயைத் துளித்துளியாகச் சொட்டவிடச் சொல்வது இதனால்தான். சொட்டு என்பது அழுத்தத்துக்கு வைத்த வாசல். வெளிக்காற்று மைனஸ் 7 டிகிரியை ஒட்டி இறங்கும்போதுதான் காப்பு போடாத குழாய்களுக்கு ஆபத்து தொடங்குகிறது என்பதும் அதே ஆய்விலிருந்து வந்த எல்லைக்கோடு. குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி இறங்கிய பிறகும் திரவமாகவே நின்று, பிறகு சட்டென்று உறையத் தொடங்குவது அதற்கு ஒரு காரணம். ஆனால் ஓட்டை வழியாகக் காற்று நேராகக் குழாய்மீது வீசினால் இந்தச் சலுகையை நம்ப முடியாது. அதனால் ஈர அறையில் செய்யவேண்டிய முதல் வேலை செலவில்லாதது. ஹோஸ் நுழையும் ஓட்டை, ஒயர் நுழையும் ஓட்டை, கதவோரம் காய்ந்து வெடித்த ரப்பர் எல்லாவற்றையும் தேடி அடைப்பது.

அடுத்து சூடு. பழைய ஆட்களின் கைமருந்து, ஈர அறைக்குள் ஓர் அறுபது வாட் குண்டு பல்பை எரியவிடுவது. சின்ன அறை, அடைத்த கதவு; அந்த அறுபது வாட் பல இரவுகளுக்குப் போதும். பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகப் போவதைத்தான் நாம் குறை சொன்னோம். அந்தக் குறையே இங்கே பிழைப்பு. எல்.இ.டி. பல்பைப் போட்டுவிட்டுச் சூட்டுக்குக் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து அமெரிக்காவில் சாதாரண குண்டு பல்பு விற்பனை ஏறக்குறைய நின்றுவிட்டதால், இப்போது அந்த இடத்தைத் தெர்மோஸ்டாட் வைத்த சிறு ஹீட்டர்கள் பிடித்துக்கொண்டன. தொட்டியின் அடியில் ஒட்டும் 12 வோல்ட் சூட்டு விரிப்பும் விற்கிறது. தண்ணீர் 7 டிகிரிக்கு இறங்கினால் தானாக எரியத் தொடங்கும், 20 டிகிரி வந்தால் அணையும். நல்ல பொருள்தான், ஆனால் அது காப்பது தொட்டியை. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் அந்த ஒரு சாண் குழாய் அப்படியே நிற்கும்.

அனுபவம் உள்ளவர்களே விழும் பள்ளம் ஒன்று உண்டு. அமெரிக்க மோட்டார்ஹோம்களில் புரொப்பேன் எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும். குளிர் தாங்கும் வண்டி என்று விற்கப்படுபவற்றில் அந்தச் சூடான காற்றின் ஒரு கிளையைக் கீழே தொட்டி அறைக்கும் திருப்பிவிட்டிருப்பார்கள். ஃபர்னஸ் ஓடினால் மேலே மனிதர்களுக்கும் கீழே தண்ணீருக்கும் சேர்த்தே சூடு. ஆனால் புரொப்பேனுக்குக் காசு. 9 கிலோவாட் ஃபர்னஸ் நிறுத்தாமல் ஓடினால் 9 கிலோ சிலிண்டர் பதினான்கு மணி நேரத்தில் காலி. வண்டி நிறுத்துமிடத்திலோ மின்சாரம் பெரும்பாலும் வாடகைக்குள் அடக்கம். உடனே 1500 வாட் மின் ஹீட்டரை வாங்கி வரவேற்பறையில் வைக்கிறார்கள். அறை கதகதப்பாகிறது, சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது, ஃபர்னஸ் இரவு முழுக்க ஒருமுறைகூட ஓடவில்லை. விடிந்து பார்த்தால் மேலே பனியனோடு உட்காரலாம், கீழே பம்ப் பிளந்திருக்கிறது.

இதற்கு மருந்து இரண்டு. கடுங்குளிர் இரவில் மின் ஹீட்டரைக் குறைத்து ஃபர்னஸை ஓடவிடுவது. அல்லது ஈர அறைக்குத் தனியாக ஒரு சூடு ஏற்பாடு செய்துவிட்டு மேலே விருப்பம்போல் இருப்பது. எதைச் செய்தாலும் கீழ் அறைக்குள் வைத்துவிட்டு மேலே படுக்கையிலிருந்தே பார்க்கக்கூடிய கம்பியில்லா வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். விலை மலிவு. என்னைக் கேட்டால், விரிப்பு, ஹீட்டர், போர்வை எதையும் வாங்குமுன் இதைத்தான் வாங்கச் சொல்வேன். குளிர் எந்த மூலையில் நுழைகிறது என்று தெரியாமல் செலவழிக்கிறவர்கள்தான் இந்தச் சந்தையை வாழவைக்கிறார்கள்.

வாயு விஷயத்தில் ஒரு கிளைச் செய்தி. நம் சமையல் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாமல் படுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். அதனால்தான் குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் புரொப்பேன். கீழ் அறைகளில் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பரவிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம். நல்ல பேட்டரி தானே சார்ஜை மறுத்துவிடும். பகலெல்லாம் சூரியத் தகடு உழைத்தும் பேட்டரி ஏறவில்லை என்று சொல்பவரின் சாமான் அறைக் கதவைத் திறந்து பாருங்கள்.

‘நான்கு பருவ வண்டி’ என்ற ஸ்டிக்கரை நம்பலாமா? அமெரிக்காவில் அது விற்பனைச் சொல். இத்தனைக்கும் அங்கே வண்டிகளில் பெரும்பகுதி தயாராவது இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில். 1958இல் வின்னிபேகோ நிறுவனம் தொடங்கிய ஊரோ ஐயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டி. இரண்டும் ஜனவரியில் உறைந்து கிடக்கும் இடங்கள். குளிரில் இருந்துகொண்டு கோடைக்கு வண்டி கட்டுகிறார்கள். ஐரோப்பாவில் ஈ.என். 1646 என்ற தர நெறி இருக்கிறது. மூன்றாம் தரம் வாங்க வேண்டுமானால் மைனஸ் 15 டிகிரிக் குளிரறையில் வண்டியை நிறுத்தி, உள்ளே 20 டிகிரி வரை சூடாக்கிக் காட்ட வேண்டும்; தண்ணீர்க் குழாய்களும் வேலை செய்ய வேண்டும். ஸ்வீடனின் ஆல்டே நிறுவனம் சூடான திரவத்தைக் குழாய்வழி வண்டி முழுக்கச் சுற்றவிடுகிறது. ஜெர்மனியின் ட்ரூமா இன்னும் வேடிக்கை. அதன் வெந்நீர்க் கலனோடு வரும் வால்வு, 3 டிகிரி வந்ததும் யாரையும் கேட்காமல் கலனின் தண்ணீர் முழுவதையும் தரையில் கொட்டிவிடும். தண்ணீர் போனால் போகட்டும், கலன் பிழைக்கட்டும் என்ற கொள்கை.

வில்லிஸ்டன் தொழிலாளர்களிடம் ஆல்டேயும் இல்லை, ட்ரூமாவும் இல்லை. வண்டியைச் சுற்றித் தரைவரை தெர்மோகோல் பலகைகளை அறைந்தார்கள். பலகை கிடைக்காதவர்கள் வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள். வண்டிக்கு அடியில் காற்று புகாமல் போனால் தரையின் சூடும் தளத்திலிருந்து கசியும் சூடும் அங்கேயே தங்கும். வைக்கோலில் எலி குடியேறும், தீப்பொறி பட்டால் வண்டியே போகும், பலகைதான் நல்லது. இப்படிக் குடியிருப்பவர்களின் இன்னொரு விதி, சாம்பல் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதே என்பது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மெல்லக் கசிந்து கழிவு ஹோஸில் படலம் படலமாக உறைந்து, ஒரு வாரத்தில் ஹோஸையே கல்தூணாக்கிவிடும். கறுப்புத் தொட்டிக்கும் அதே விதி. அந்த ஹோஸ் உறைந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க விரும்பவில்லை. தொட்டி நிரம்பும்வரை மூடிவைத்து, ஒரே வீச்சில் திறந்துவிட்டு, ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். நல்ல தண்ணீர் ஹோஸையும் இரவில் கழற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரைப் பம்பால் எடுத்துக்கொள்வது உத்தமம்.

வண்டியைப் பூட்டிவைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு வேலை சுலபம். எல்லாத் தொட்டியையும் காலி செய், வெந்நீர்க் கலனை வடித்துவிட்டு அதைத் தாண்டிப் போகும் மாற்றுவழி வால்வைத் திருப்பு, பிறகு இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைப் பம்பால் இழுத்து ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு வரும்வரை விடு. வால்வைத் திருப்ப மறந்தால் ஆறு கேலன் திரவம் வீணாகக் கலனுக்குள் போய் உட்காரும். ஒவ்வொரு வடிகால் வளைவிலும் ஒரு கோப்பை ஊற்று. இந்தத் திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், உணவிலும் மருந்திலும் சேர்ப்பது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிக்கும் விஷம், நாயும் குழந்தையும் குடித்தால் சிறுநீரகம் போகும். வண்டிக் கொட்டகையில் இரண்டு கேன்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எது எதுவென்று இரண்டு முறை பாருங்கள்.

தெற்கே ஓடியவர்களும் எப்போதும் தப்புவதில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைக் குளிர் தாக்கியபோது டாலஸில் 16ஆம் தேதி மைனஸ் 19 டிகிரி. மாநிலத்தின் தென்கோடியில், பனிப் பறவைகள் கூடும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில்கூட உறைபனி விழுந்து கிரேப்ஃப்ரூட் தோட்டங்கள் கருகின. மின்சாரம் போனதால் ஹீட்டரும் விரிப்பும் உதவவில்லை. பதறிப்போனவர்கள் தொலைக்காட்சியில் சொன்ன ‘காற்றுக் குளிர்’ எண்ணைப் பார்த்து இன்னும் பதறினார்கள். அந்த எண் மனிதத் தோலுக்கு. காற்று குழாயை வேகமாகக் குளிரவைக்கும், ஆனால் வெளிக்காற்றின் உண்மை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. தெர்மாமீட்டரில் 2 டிகிரி இருந்தால், காற்றுக் குளிர் மைனஸ் 5 என்றாலும், அந்தக் குழாய் உறையாது.

உறைந்தே போய்விட்டால், முதலில் பம்பை அணைக்க வேண்டும். குழாய்த்திருகைத் திறந்துவைத்து, முடி உலர்த்தும் டிரையரால் திருகின் பக்கத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி மெல்ல நகர வேண்டும். உருகிய தண்ணீருக்கு வெளியேற வழி இருக்க வேண்டும். கேஸ் டார்ச்சைக் கையில் எடுப்பவரை யாராவது தடுக்க வேண்டும், சுற்றிலும் இருப்பது பிளாஸ்டிக்கும் ஃபோமும். எங்கே உடைந்தது என்று உறைந்திருக்கும்போது தெரியாது, உருகிய பிறகுதான் ஒழுகும். ஆகவே பம்பை மறுபடி போடும்போது ஒருவர் சுவிட்சருகில் நிற்க, இன்னொருவர் ஈர அறைக் கதவைத் திறந்து டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருப்பது நல்லது.