மூச்சுத் தடை நீங்கியும் தூக்கம் வரவில்லையா?

குறட்டை நோய்க்குக் கருவி வைத்திருக்கும் வணிகர்களுக்குச் சில யோசனைகள்

கடை வைத்திருப்பவருக்குத் தூக்கம் என்பது வேலை போக மிஞ்சும் நேரத்தில்தான். காலை 7 மணிக்குக் கடை திறந்தாக வேண்டும். இரவு ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணி, கணக்கை முடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கும்போது 11 மணி ஆகிவிடுகிறது. நாள் முழுவதும் உட்கார்ந்தே வியாபாரம் செய்வதால் பலருக்கு உடம்பு பெருத்துக் கழுத்தும் தடித்துவிடுகிறது. பகலில் பில் போடும்போதே கண் சொக்குகிறது. இரவில் குறட்டைச் சத்தம் தாங்கவில்லை என்று வீட்டில் உள்ளவர்கள் சொன்ன பிறகு டாக்டரிடம் போகிறார்கள். சோதனையில் 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் தூக்க மூச்சுத் தடை நோய் இருப்பது தெரிகிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்றுச் செலுத்தும் 'சிபேப்' கருவியை வாங்கி வருகிறார்கள்.

அதன் பிறகுதான் சிலருக்குப் புதிய தொல்லை தொடங்குகிறது. குறட்டை நின்றுவிட்டது, ஆனால் தூக்கம் வருவதில்லை. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்கள். 3 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு கண் மூடுவதே இல்லை. "இந்தக் கருவியால்தான் இருந்த தூக்கமும் போயிற்று" என்று சொல்லி, மூன்றே மாதத்தில் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். போட்ட பணம் முடங்குவது ஒருபுறம் இருக்கட்டும். மூச்சுத் தடையைக் கவனியாமல் விட்டால் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழி ஏற்படும். வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்து விபத்தில் சிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே கருவியையும் கைவிடாமல், தூக்கத்தையும் மீட்பது எப்படி என்பதே நம் கேள்வி.

நோய் ஒன்றல்ல, இரண்டு

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக் குழல் வழி அடைபடுவதுதான் மூச்சுத் தடை. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று எண்ணுகிறார்கள். மூச்சு மிகவும் குறைந்துபோவதையும் இந்தக் கணக்கில் சேர்த்து, மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு தடையின்போதும் மூளை நம்மைத் தட்டி எழுப்பி மூச்சு விட வைக்கிறது. பல முறை நமக்கு அது தெரிவதுகூட இல்லை.

இப்படிப் பல ஆண்டுகள் இரவு முழுவதும் தட்டி எழுப்பிப் பழகிய மூளைக்கு, விழிப்பதே வழக்கமாகிவிடுகிறது. மூச்சுத் தடை நீங்கிய பிறகும் அந்த வழக்கம் நீங்குவதில்லை. 'இன்றைக்காவது தூக்கம் வருமா' என்ற கவலையும், முகத்தில் மாஸ்க் இருக்கும் புழுக்கமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்கு மேல் இப்படி நீடித்து, பகல் வேலையும் கெட்டால் அது தூக்கமின்மை என்னும் தனி நோய்.

இவ்விரண்டும் ஒருவரிடமே இருப்பதைப் பற்றி கில்மினோ என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் 1973-லேயே எழுதினார்கள். ஆயினும் நெடுங்காலம் இது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. மூச்சுத் தடை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது தூக்கமின்மைத் தொல்லையும் உண்டு என்று இப்போது தெரிகிறது. கடையைக் கவனித்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்கள் இதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். பெண்களுக்கு மூச்சுத் தடை பெருங்குறட்டையாக வெளிப்படாமல், தூக்கமின்மையாகவும் அசதியாகவும் மட்டுமே தோன்றுவது உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு இந்நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

சிபேப் கருவியை ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். காற்றின் அழுத்தத்தால் தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. தூக்கத்தை வரவழைக்கும் வேலை அதற்கு இல்லை. ஷட்டரைத் திறந்து வைப்பது ஒரு வேலை. வாடிக்கையாளரை உள்ளே வரவழைப்பது வேறு வேலை அல்லவா?

முதலில் கருவியின் கணக்கைப் பாருங்கள்

இன்றைய கருவிகள் பெரும்பாலானவை தாமே கணக்கு எழுதி வைத்துக்கொள்கின்றன. அதில் மூன்று விவரங்களை டாக்டரிடமோ, கருவி கொடுத்தவரிடமோ கேட்டுப் பெறுங்கள். இரவில் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தீர்கள்? மாட்டிய பிறகும் மணிக்கு எத்தனை தடைகள் மிச்சம்? மாஸ்க்கின் ஓரமாகக் காற்று எவ்வளவு கசிகிறது? மிச்சத் தடை 5-க்குக் கீழ் இருந்து, கசிவும் இல்லை என்றால் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கவனிக்க வேண்டியது தூக்கமின்மையைத்தான். தடைகள் நிறைய மிச்சம் இருந்தால் அழுத்தத்தை மாற்றி அமைக்க வேண்டும். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

மாஸ்க் தொல்லைகளுக்கு எளிய வழிகள் உண்டு. வாய் உலர்ந்தால் சூடான ஈரக் காற்றுத் தரும் நீர்த்தொட்டியை இணைத்துக்கொள்ளலாம். காற்று வேகம் திகைக்க வைத்தால், குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூடும்படி அமைக்கும் வசதி கருவியிலேயே இருக்கிறது. அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு மாஸ்க் படியாமல் காற்றுக் கசியும். மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் வகையைக் கேட்டுப் பாருங்கள். மாஸ்க் மாட்டினாலே மூச்சு முட்டுவது போல இருப்பவர்கள், பகலில் டி.வி. பார்க்கும்போது முதலில் மாஸ்க்கை மட்டும், பிறகு கருவியை ஓடவிட்டு, தினமும் கால் மணி, அரை மணி என்று பழக வேண்டும். மின்வெட்டு அடிக்கடி ஏற்படும் ஊர்களில் இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்துவிட்டால் நள்ளிரவு விழிப்பு ஒன்று குறையும்.

பழைய கருவியை விலைக்கு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கருவிக்குள் இருக்கும் ஒலி தடுக்கும் நுரைப் பொருள் சிதைந்து காற்றுடன் கலக்கக்கூடும் என்பதால், பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூன் மாதம் தன் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மாடலையும் தயாரித்த தேதியையும் சரிபார்க்காமல் வாங்க வேண்டாம்.

படுக்கையிலும் பற்று வரவு உண்டு

தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் நடத்தைப் பயிற்சியைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரை செய்தது. இரண்டு நோயும் உள்ள 145 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. கருவி தருவதற்கு முன்பே இந்தப் பயிற்சியைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஓர் இரவுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் கூடுதலாகக் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்று அதில் தெரிந்தது.

இந்தப் பயிற்சியின் மையப் பகுதி கணக்கு எழுதுவதுதான். அது நமக்குப் புதிதல்ல. இரண்டு வாரம் ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், மாஸ்க் மாட்டிய நேரம் ஆகியவற்றைக் காலையில் எழுதி வாருங்கள். இரவில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். உத்தேசமாக எழுதினால் போதும்.

உதாரணமாக ஒரு மளிகைக் கடைக்காரர் இரவு 11 முதல் காலை 6.30 வரை படுக்கையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏழரை மணி. தூங்கியது ஐந்தரை மணி. அதாவது போட்ட ஒரு ரூபாய்க்கு 73 பைசாதான் வரவு. மீதி நேரம் கிடங்கில் விலைபோகாமல் தேங்கிய சரக்கு. 'தூக்கம் போதவில்லையே, இன்னும் சீக்கிரம் படுப்போம்' என்று அவர் 10 மணிக்கே படுத்தால் தேக்கம்தான் கூடும்.

ஆகவே அவர் எழும் நேரத்தை 6.30 என்று நிலையாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை 12.30-க்குத் தள்ள வேண்டும். படுக்கை நேரம் இப்போது 6 மணி. முதல் சில நாட்கள் சிரமமாக இருக்கும். ஆனால் உடம்பில் தூக்கப் பசி ஏறி, படுத்தவுடன் தூக்கம் பிடிக்கும். ஒரு வாரச் சராசரியில் ரூபாய்க்கு 85 பைசாவுக்கு மேல் வரவு வந்தால், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவரலாம். அடுத்த வாரம் மறுபடி பார்த்து மறுபடி 15 நிமிடம். பகலில் தெம்பாக இருக்கும் அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். படுக்கை நேரத்தை ஐந்தரை மணிக்குக் கீழ் குறைக்கவே கூடாது. மூச்சுத் தடைக்குச் சிகிச்சை சரியாக நடக்காதவர்கள், வலிப்பு அல்லது மனநோய் உள்ளவர்கள், சரக்கு வண்டி ஓட்டுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. பயிற்சி நாட்களில் கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சற்றே தூங்கி எழுவதுதான் உத்தமம்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. படுக்கை தூங்குவதற்கு மட்டுமே. படுக்கையில் செல்போன் பார்ப்பதும் கணக்குப் போடுவதும் கூடாது. தூக்கம் வராமல் 20 நிமிடம் ஆனது போலத் தோன்றினால் எழுந்து ஹாலிலோ திண்ணையிலோ மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கிய பிறகே படுக்கைக்குத் திரும்புங்கள்.

2. திரும்பிப் படுக்கும்போது மாஸ்க்கை மறுபடி மாட்டுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். விடியற்காலைத் தூக்கத்தில் கனவுகள் மிகுதி. மூச்சுத் தடையும் அப்போதுதான் பலருக்கு அதிகம். அந்த நேரத்தில் மாஸ்க் இல்லாமல் தூங்கினால் இரவு முழுவதும் மாட்டியதன் பலன் குறைந்துவிடும்.

3. மதியம் மூட்டைமேல் சாய்ந்து போடும் தூக்கம் இரவுத் தூக்கத்திலிருந்து எடுக்கும் கடன். தவிர்க்க முடியாவிட்டால் 3 மணிக்கு முன், 20 நிமிடத்துக்கு மேற்படாமல். அப்போதும் மாஸ்க் தேவை.

4. கடையில் வருவோர் போவோருடன் குடிக்கும் டீக்குக் கணக்கே இருப்பதில்லை. குடித்த காபியின் வீரியத்தில் பாதி, சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பிற்பகல் 2 மணியோடு டீ, காபியை நிறுத்திக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டை வீட்டிலிருந்து வரவழைத்து 8 மணிக்குக் கடையிலேயே முடிப்பது நல்லது.

5. வசூலாகாத பாக்கி, திரும்பி வந்த செக், 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கல் எல்லாம் 3 மணிக்குத்தான் நினைவுக்கு வரும். கடை சாத்துமுன் கால் மணி ஒதுக்கி, ஒவ்வொரு கவலையையும் அதற்கு நாளை செய்ய வேண்டியதையும் ஒரு சீட்டில் எழுதி, கல்லாவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

6. கோயம்பேடு போன்ற சந்தைகளில் நள்ளிரவு கொள்முதலுக்குப் போகிறவர்கள், தூங்கும் நேரம் பகலாக இருந்தாலும் அதைத் தினமும் ஒரே நேரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அறையை இருட்டாக்கி, மாஸ்க்குடன் தூங்க வேண்டும்.

மாத்திரையும் மதுவும்

தெரிந்த மருந்துக் கடைதானே என்று தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அல்பிரசோலம், ஜோல்பிடெம் போன்றவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்-1 அட்டவணையில் 2014 முதல் இருக்கின்றன. மருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இவற்றில் சில வகைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, மூச்சு நின்றாலும் விழிப்பு வராமல் செய்யக்கூடும். மது அருந்திவிட்டுப் படுப்பதும் அப்படியே. மூச்சுத் தடை கூடும், பின்னிரவில் தூக்கமும் கலையும். ஏற்கெனவே பல மாதங்களாக மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

மூச்சுத் தடைக்குப் பார்க்கும் டாக்டரிடம் தூக்கமின்மையைப் பற்றித் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்க வேண்டாம். "கருவி ஒத்துவரவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவர் மாஸ்க்கைத்தான் மாற்றுவார். "மாட்டிய பிறகு 2 மணி நேரம் விழித்திருக்கிறேன், 3 மணிக்கு எழுந்தால் விடியும்வரை தூக்கமில்லை" என்று நோட்டைக் காட்டிச் சொன்னால் சிகிச்சை வேறாகும். இந்தப் பயிற்சி பெரும்பாலும் 4 முதல் 8 அமர்வுகளில் முடிந்துவிடக் கூடியது.

கருவியைப் பரணில் ஏற்றியிருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்து, அதன் அழுத்தத்தையும் மாஸ்க்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள். ஒன்றரை மாதம், இரண்டு மாதம் பொறுமையாகக் கடைப்பிடித்தால் பலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது. நம் கடைகளில் கல்லாவில் உட்காருபவர் படுத்துவிட்டால் கடையே படுத்துவிடும். கடைக் கணக்கை எழுதும் நேரத்தில் இந்த நாலு வரியையும் சேர்த்து எழுதுவது பெரிய சுமை அல்ல.