மூடுபனியால் சிக்கிய வைரஸ்

1963 டிசம்பரில் உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து லண்டனுக்குப் பறந்த விமானம், மூடுபனி காரணமாக மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. ஒரு குழந்தையின் புற்றுக்கட்டியிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கு அதில் வந்தது. தாமதமாக ஆய்வுக்கூடம் சேர்ந்தபோது குப்பியிலிருந்த திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா புகுந்துவிட்டதோ என்ற சந்தேகம் ஆய்வாளர் அந்தோனி எப்ஸ்டீனுக்கு. ஆனாலும் கொட்டிவிடாமல் நுண்ணோக்கியில் பார்த்தார். கட்டியிலிருந்து உதிர்ந்த புற்றுச் செல்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன!

ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையை வீங்கவைக்கும் அந்தப் புற்றுநோயை விவரித்தவர், கம்பாலாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட். 1961இல் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட நாள்முதல், இதன் பின்னால் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று எப்ஸ்டீன் தேடிக்கொண்டிருந்தார். மிதந்த செல்களை வளர்த்து, 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது அது அகப்பட்டது. ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்த புதிய வைரஸ். உடன் உழைத்தவர்கள் பெர்ட் அச்சோங், இவோன் பார். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்ற பெயரில் அச்சோங்குக்கு இடம் கிடைக்காதது வருத்தமே.

புற்றுநோயைத் தேடிப் போனவர்களிடம் சிக்கிய இந்த வைரஸ்தான் சுரப்பிக் காய்ச்சலுக்கும் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. பிலடெல்பியாவில் வெர்னர், கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் ஊழியருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. முன்பு அவரது ரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இல்லை; நோய்க்குப் பிறகு இருந்தது. 1968இல் அவர்கள் அதை வெளியிட்டார்கள்.

உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் உடலில் இது குடியிருக்கிறது. எச்சில் வழியே வந்து, ரத்தத்தின் பி செல்களில் புகுந்து, ஆயுள் முழுக்க ஒடுங்கிக் கிடக்கும். சிறுவயதில் தொற்றினால் பெரும்பாலும் தெரிவதேயில்லை. பதின்வயதில் தொற்றினால்தான் பெரும்பாலும் சுரப்பிக் காய்ச்சலாக வெளிப்படும்: காய்ச்சல், தொண்டைவலி, கழுத்தில் நெறிகட்டுதல், வாரக்கணக்கில் அசதி. இந்த அவதிக்குப் பெரும்பங்கு காரணம், வைரஸ் புகுந்த செல்களை அழிக்கப் பெருகிவரும் நம் டி செல்களே.

2022இல் அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், இத்தொற்றுக்குப் பின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்புநோயின் அபாயம் 32 மடங்கு கூடுவதைக் கண்டார்கள். இத்தனை தெரிந்தும் இன்னும் தடுப்பூசி வராதது மருத்துவ உலகின் பெருங்குறை.

சுரப்பிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஆன்டிபயாட்டிக் பயன் தராது. அமாக்சிசிலின் கொடுத்தால் உடலெங்கும் தடிப்பு வரக்கூடும். மண்ணீரல் வீங்கியிருக்கும்போது அடிபட்டால் கிழியும் ஆபத்து உண்டு. மருத்துவர் சரியென்று சொல்லும்வரை கபடி, கால்பந்து வேண்டாம்.