சொந்த மண்ணில் சுழல் வேண்டும்

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுஎமாஸ் ஓவல் திடலில், 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கோப்பை ஆட்டம். இந்தியாவை எதிர்த்து மட்டை பிடித்த மேற்கிந்தியப் பெண்கள் 13.2 ஓவரில் 44 ஓட்டங்களுக்குச் சுருண்டார்கள். அதே நாளில் பாகிஸ்தானின் முல்தானில் மேற்கிந்திய ஆண்கள் அணி 123 ஓட்டங்களில் ஆட்டமிழந்து டெஸ்டைப் பறிகொடுத்தது. அந்த டெஸ்டில் அவர்கள் இழந்த 20 விக்கெட்டுகளும் சுழற்பந்துக்கே போயின.

கிள்ளானில் சரிவைத் தொடங்கி வைத்தவர் வேகம் வீசும் ஜோஷிதா. அவருக்கு 2 விக்கெட். பிறகு வந்த இடக்கைச் சுழலாளர் பருணிகா 7 ஓட்டங்கள் கொடுத்து 3 பேரையும், ஆயுஷி 6 ஓட்டங்கள் கொடுத்து 2 பேரையும் வெளியேற்றினார்கள். மீதி மூன்று பேர் ரன் அவுட். எனக்கு அந்த மூன்று ரன் அவுட்டுகள்தான் அதிகம் பேசுகின்றன. மெதுவான களத்தில் பந்து விழுந்தபின் தாமதித்து வரும். கை முந்திவிடும், மட்டை முன்னமே இறங்கிவிடும், பந்து வீசியவரிடமே திரும்பிப் போகும். காலை நீட்டிப் பந்து விழும் இடத்திலேயே அதை அடக்கவோ, மண்டியிட்டு ஸ்வீப் ஆடவோ பழகியவர் அங்கே ஒற்றை ஓட்டத்தையாவது எடுத்துவிடுவார். பழகாதவருக்கு நாலு பந்து வீணானதும் பதற்றம் வந்துவிடும். இல்லாத ஓட்டத்துக்கு ஓட வைப்பது அந்தப் பதற்றம்தான்.

இரண்டு நாள் கழித்து அதே திடலில் நம் மலேசியப் பெண்களும் 31 ஓட்டங்களில் அடங்கினார்கள். இடக்கைச் சுழலாளர் வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக்குடன் 5 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். தொடர் முடிந்தபோது அவர் கணக்கில் 17 விக்கெட்டுகள், அந்தப் போட்டியிலேயே அதிகம் அதுதான். பிப்ரவரி 2 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவும் இங்கேதான் 82 ஓட்டங்களில் விழுந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் களங்களைப் பற்றி இங்கே ஆடுகிறவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மழை, அதற்குப் போடும் தார்ப்பாய், காற்றிலுள்ள ஈரம் எல்லாம் சேர்ந்து பந்தின் வேகத்தைத் தின்றுவிடும். 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள் மூன்றும் கின்ராராவில் மோதிய முத்தரப்புத் தொடரிலும் இதைப் பார்த்தோம். இந்தியா எடுத்தது வெறும் 162. லாரா தலைமையிலான மேற்கிந்திய அணி அதைக்கூட எட்ட முடியாமல் 16 ஓட்டங்களில் தோற்றது. மட்டையால் 37 ஓட்டங்கள் சேர்த்து, சுழலில் 3 விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர் ஹர்பஜன் சிங்.

ஆக இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. ஆனால், மேற்கிந்தியத் தீவுகளில் நல்ல சுழற்பந்து வீச்சாளர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முல்தானில் தோற்ற அதே அணி, அதே ஊரில் ஜனவரி 25 தொடங்கிய அடுத்த டெஸ்டில் பாகிஸ்தானை 120 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. 1990க்குப் பிறகு அந்த மண்ணில் அவர்கள் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. இரண்டு டெஸ்டுகளில் 19 விக்கெட் எடுத்த ஜோமெல் வாரிகன் தொடர் நாயகன் ஆனார். அந்த வெற்றியிலும் ஒரு குறை தெரிந்தது. முதல் இன்னிங்ஸில் நோமன் அலியின் ஹாட்ரிக்கில் சிக்கி 54 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் போய்விட்டது. குடகேஷ் மோட்டி 55, வாரிகன் ஆட்டமிழக்காமல் 36 எடுத்து 163 வரை கொண்டுபோனார்கள். பந்து வீச வந்தவர்களே மட்டையும் பிடித்து மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று மிர்பூரில் வங்காளதேசத்துக்கு எதிராக மேற்கிந்திய அணி 50 ஓவரையும் சுழலாகவே வீசியது. ஆண்கள் ஒருநாள் ஆட்டங்களில் அதற்கு முன் எந்த அணியும் அப்படிச் செய்ததில்லை. ஆட்டம் சமன் ஆகி, சூப்பர் ஓவரில் அவர்களே வென்றார்கள். இரண்டே நாளில் அடுத்த ஆட்டம். அதில் 117 ஓட்டங்களில் எல்லோரும் அவுட். வீச ஆள் இருக்கிறது, ஆடத்தான் ஆள் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சொந்த ஊரில் சுழலும் களங்கள் வேண்டும். வரும் விருந்தாளியை வீழ்த்துவது அதில் இரண்டாம் பட்சம். தங்கள் மட்டையாளர்களைப் பழக்குவதுதான் முதல் காரியம். இப்போது அங்கே டியூக்ஸ் பந்து, புல் விட்ட களம், வேகத்துக்கு முதலிடம். அதன் பலனை 2025 ஜூலை 14 அன்று கிங்ஸ்டனில் கண்டோம். மிட்செல் ஸ்டார்க் 9 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுக்க, 27 ஓட்டங்களில் அணி முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அதைவிடக் குறைவு 1955இல் நியூசிலாந்து எடுத்த 26 மட்டுமே. அந்தக் களத்துக்குச் சுழலாளர் நேதன் லயன் தேவையில்லை என்று ஆஸ்திரேலியா அவரை வெளியே உட்கார வைத்திருந்தது. தன்னைவிட வேகம் மிக்க அணிக்கு வேகக் களத்தை விரிப்பது தன் கையைத் தானே கட்டிக்கொள்வது.

சுழல் அந்த மண்ணுக்கு அந்நியமும் அல்ல. 1950இல் லார்ட்ஸில் இங்கிலாந்தை முதன்முதலாக அதன் ஊரிலேயே வென்றபோது ராமதீன் 11, வாலன்டைன் 7 விக்கெட் எடுத்தார்கள். டெஸ்டில் 300 விக்கெட்டைத் தாண்டிய முதல் சுழலாளர் கயானாவின் லான்ஸ் கிப்ஸ். டிரினிடாடின் குவீன்ஸ் பார்க் ஓவலில் சுழலும் களம் எப்படி இருக்கும் என்பது சென்னைக்காரர் வெங்கட்ராகவனுக்குத் தெரியும். 1971இல் அங்கே அவர் இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுக்க, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் டெஸ்ட் வெற்றி இந்தியாவுக்குக் கிடைத்தது. திருப்பம் 1976இல் வந்தது. அதே திடலில் மூன்று சுழலாளர்களை வைத்துக்கொண்டும் கிளைவ் லாயிட் அணியால் இந்தியாவைத் தடுக்க முடியவில்லை. இந்தியா 4 விக்கெட்டுக்கு 406 எடுத்து வென்றது. அதன்பின் லாயிட் நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை நம்பினார். உலகத்தையே ஆண்டார். அந்தப் படை ஓய்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் களம் அமைக்கும் மனம் மட்டும் மாறவில்லை.

கயானாவின் பெர்பீஸ் பகுதியிலிருந்து வந்த இடக்கைச் சுழலாளர் வீராசாமி பெருமாளை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. நம் முன்னோர் இங்கே ரப்பர்த் தோட்டத்துக்கு வந்ததுபோல, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் மண் அது. பல பருவங்கள் உள்ளூர் நான்கு நாள் ஆட்டங்களில் விக்கெட்டுகளைக் குவித்தவருக்கு, 2012இல் அறிமுகமான பிறகு கிடைத்தவை விரல்விட்டு எண்ணும் டெஸ்டுகளே.

சுழல் களம் கேட்பதில் ஆபத்தும் உண்டு. 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் தூசி பறந்த களத்தில் அறிமுக வீரர் ஹிர்வானி 16 விக்கெட் எடுத்து ரிச்சர்ட்ஸ் அணியைச் சாய்த்தார். ஒரே ஆட்டத்துக்கான வெற்றி, அவ்வளவுதான். 2024இல் நியூசிலாந்து இந்தியாவுக்கு வந்து, புனேயில் சான்ட்னரும் மும்பையில் அஜாஸ் படேலும் சுழற்றி வீச, 3-0 என்று வென்றுபோனது. முதல் நாளே உடைகிற களத்தில் நல்ல மட்டையாளருக்கும் சுமாரானவருக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். வந்த அணியின் சாதாரணச் சுழலாளர்கூட ஆளை விழுங்குவார். ஆகவே கேட்பது குழிக்களம் அல்ல. முதல் இரண்டு நாள் ஓட்டம் தந்து, மூன்றாம் நாளிலிருந்து திரும்பும் களம். அதில் நாள் முழுக்க நின்று ஆடிப் பழகினால்தான் முல்தானிலும் டெல்லியிலும் காலூன்ற முடியும்.

அப்படிக் களம் அமைப்பது தேர்ந்தவர் கைவேலை. எவ்வளவு தண்ணீர், எப்போது உருளை, எத்தனை நாள் வெயில் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. கோலாலம்பூரில் பிறந்து, 1932இல் இந்தியாவின் முதல் டெஸ்டில் லார்ட்ஸில் ஆடிய லால் சிங், பிற்காலத்தில் சிலாங்கூர் கிளப்பின் திடலைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். டெஸ்ட் ஆடியவரின் கண்ணும் கையும் அந்தத் திடலுக்குக் கிடைத்தன. அந்த வேலைக்கு எவ்வளவு மதிப்புத் தர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மேற்கிந்திய வாரியம் டெஸ்ட் களங்களில் உடனே கை வைக்க வேண்டாம். உள்ளூர் நான்கு நாள் போட்டிக்குக் கயானாவின் புராவிடன்ஸையும் டிரினிடாடின் குவீன்ஸ் பார்க் ஓவலையும் சுழல் களங்களாக ஒதுக்கட்டும். 19 வயதுக்குட்பட்ட ஆண்களும் பெண்களும் ஒவ்வொரு பருவமும் அங்கே கட்டாயம் ஆடட்டும். களம் அமைப்பவர்களுக்குப் பயிற்சியும் நல்ல சம்பளமும் கொடுக்கட்டும். மூன்று நான்கு பருவம் பொறுத்திருந்து, பிறகு டெஸ்டுக்கு அந்தக் களங்களைத் திறந்துவிடட்டும். மலேசியக் கிரிக்கெட் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: மெதுவான களம் நமக்கு மழையோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சுழலை ஆடும் பயிற்சியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போதே தொடங்குங்கள்.